ஃபைபர் போடவா, சிம் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி வீட்டு நெட் பற்றியே இருந்தது. நான் 31 வருடம் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டராக இருந்தவன். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி என்று இந்தச் சீமையில் நான் இறங்காத கேபிள் குழி குறைவு. காகிதம் சுற்றிய செம்புக் கம்பியில் வேலை தொடங்கி, ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் ஓய்வு பெற்றேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இதற்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, மூத்தவன் ஐடி கம்பெனியில் இருக்கிறான். ஆறு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஊருக்கு வந்துவிட்டான். மகள் பிளஸ் டூ. இவர் சாயங்காலம் முழுக்க டிவியில் யூடியூப் பார்ப்பார். இதுவரை என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் ஓட்டினோம். தெருவில் கேபிள்காரர் ஃபைபர் தருகிறேன் என்கிறார். இன்னொரு கம்பெனிப் பையன் வந்து, மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்தால் போதும், தெருவிலிருந்து வயரே வேண்டாம் என்கிறான். எதைப் போட?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

தங்கச்சி, உங்கள் வீட்டுக்கு ஃபைபர்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. மகன் ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் வீடியோ மீட்டிங்கில் உட்காருவான். மணிக்கு ஒன்றரை ஜிபி என்று வையுங்கள், ஏழு ஜிபி. மகள் பாட வீடியோ இரண்டு மணி நேரம் பார்த்தால் ஒரு ஜிபிக்கு மேல். பெரிய டிவியில் எச்டி படம் மணிக்கு இரண்டு முதல் மூன்று ஜிபி இழுக்கும். அவர் மூன்று மணி நேரம் பார்த்தால் அதுவே ஏழெட்டு ஜிபி. ஆக நாளொன்றுக்கு 15 ஜிபி, மாதத்துக்கு 450 ஜிபி. உங்கள் போனில் கிடைப்பது நாளுக்கு 2 ஜிபி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது தீர்ந்துபோய், அப்புறம் 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஊரும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், முகம் போகாது.

5ஜி போனில் அளவே இல்லாமல் கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். சரியான திட்டமும் 5ஜி போனும் இருந்து, வீட்டுக்குள் 5ஜி சிக்னலும் நின்றால் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நாள் முழுக்க ஹாட்ஸ்பாட்டில் கிடக்கும் போன் சூடாகும், பேட்டரி வீங்கும். அதைவிட முக்கியம், நீங்கள் போனை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் வீட்டு நெட்டும் கூடவே கோயிலுக்கு வந்துவிடும். மகன் மீட்டிங் நடுவில் உறைந்து நிற்பான்.

அடுத்தது, மேலே போகும் வேகம். விற்க வருகிற யாரும் இதைச் சொல்வதில்லை. விளம்பரத்தில் இருக்கும் 30 எம்பிபிஎஸ், 100 எம்பிபிஎஸ் எல்லாம் நம் வீட்டுக்கு இறங்கி வரும் வேகம். மகன் பேசுவதும் அவன் முகமும் வெளியே போக வேண்டும் அல்லவா? டவர் வழியாக வருவதில் அந்த வெளிப்போக்கு எப்போதும் குறைவுதான், சாயங்காலம் ஊரே போனை எடுக்கும்போது இன்னும் குறையும். ஃபைபரில் பல திட்டங்கள் போகவும் வரவும் ஒரே வேகம் தருகின்றன. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனுக்கு இதுதான் சோறு போடும் வேகம். கேபிள்காரரிடம் ‘அப்லோடு எவ்வளவு?’ என்று நேராகக் கேளுங்கள்.

அந்த மொட்டை மாடிப் பெட்டியை நான் குறை சொல்லவில்லை. 2022 அக்டோபர் 1-இல் நம் நாட்டில் 5ஜி வந்தது. மறு வருடம் ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் இந்தக் காற்றுவழி வீட்டு இணைப்பைக் கொண்டுவந்தார்கள். மாடியில் இருக்கும் பெட்டி டவரைப் பார்த்து 5ஜி-யை வாங்கி, ஒரு லேன் வயர் வழியாக வீட்டுக்குள் ரவுட்டருக்கு இறக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மாத அளவைக் கேளுங்கள். பெரிய கம்பெனிகளில் ஃபைபருக்கு வழக்கமாக 3,300 ஜிபி, காற்றுவழிக்கு 1,000 ஜிபி. உங்கள் 450-க்கு இரண்டுமே போதும் என்றாலும், டவரை உங்களோடு பங்கு போடும் ஆள் கூடிக்கொண்டே போவார்கள்.

இனி உங்கள் வீடு. வீரவநல்லூர்த் தெரு வீடுகளை எனக்குத் தெரியும். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிக் காரைச் சுவர். போடுகிற பையன் மீட்டர் வயர் மிச்சம் என்று வாசல் பக்கம் தார்சாவிலேயே பெட்டியை அடித்துவிட்டுப் போய்விடுவான். மகன் இரண்டாங்கட்டில் உட்கார்ந்தால் வைஃபை இரண்டு சுவர் தாண்டி வருவதற்குள் செத்துப்போகும். அப்புறம் ‘ஃபைபரே சரியில்லை’ என்று பேர். ஆகவே வேலையாள் வந்த அன்று வீட்டில் நீங்களே நில்லுங்கள். பட்டாசல் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் பெட்டி வரவேண்டும். பீரோவுக்குப் பின்னால், டிவிக்குக் கீழே, மரப்பெட்டிக்குள் வேண்டாம். மகன் மேசை வரைக்கும் ஒரு லேன் வயர் இழுக்கச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான், பலன் வருடக்கணக்கில்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் முடிவெடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நான் யார் கேட்டாலும் சொல்வது இதுதான். அந்தக் கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கிய நான்கு வீட்டுக் கதவைத் தட்டி, ‘கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை நாளில் வந்து ஒட்டினார்கள்?’ என்று கேளுங்கள். வேகத்தைக் கேட்கவே வேண்டாம். ‘சொன்ன அன்றைக்கே வண்டியில் வந்துவிட்டார்’ என்று மூன்று வீட்டில் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். ‘நாலு நாள், அஞ்சு நாள்’ என்று இழுத்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், வேறு கம்பெனி ஃபைபர் தெருவில் வருகிறதா என்று பாருங்கள். கடல் தாண்டி வரும் கேபிள்கூட ஒழுங்காக வந்துவிடுகிறது. நம் பாடு எல்லாம் தெருக் கம்பத்திலிருந்து வீட்டு நிலை வரைக்கும் உள்ள அந்த 50 மீட்டரில்தான்.

உங்கள் போன் சிம்மை நிறுத்திவிடாதீர்கள். சின்ன ரீசார்ஜில் வைத்திருங்கள், ஃபைபர் அறுந்த அன்று அது கைகொடுக்கும். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 தடவை போடவேண்டி வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஃபைபர் விலை சொல்லும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐயா, எங்கள் வீடு ஊரைவிட்டு 1.2 கிலோமீட்டர் தள்ளி முருங்கைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஃபைபர் கேட்டால் ‘கம்பம் உங்கள் செலவு’ என்கிறார்கள். போட்டுவிடலாமா? தூரம் அதிகமானால் வேகம் குறையும் என்றும் சொல்கிறார்கள்.
– ஒரு விவசாயி, திசையன்விளை

அண்ணாச்சி, தூரத்தால் வேகம் குறைவது பழைய செம்புக் கம்பியில். ஃபைபரில் 20 கிலோமீட்டர் வரைக்கும் கவலையில்லை. உங்கள் 1.2 கிலோமீட்டருக்கு வெளிச்சம் குறைவது கணக்கிலேயே வராது. அதனால் அந்தப் பேச்சை விடுங்கள்.

ஆனாலும் நான் கம்பம் போடச் சொல்லமாட்டேன். அந்த வரிசைக் கம்பத்தில் தொங்கப்போவது உங்கள் ஒரு வீட்டு இழை மட்டும். ஆனி, ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் இத்தனை காற்றாலை நிற்பது அந்தக் காற்றை நம்பித்தானே. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் இரவும் பகலும் ஊஞ்சலாடினால் பிடிமானத்தில் தேய்ந்து, என்றைக்காவது ஒரு நாள் இழை முறியும். பனை மட்டை ஒன்று விழுந்தாலும் போதும். தெருவில் 40 வீடு சேர்ந்து அறுந்தால் ஆள் ஓடிவருவான். தோட்டத்துக்குள் ஒரு வீடு அறுந்தால் ‘நாளைக்கு வருகிறோம்’ என்பார்கள், அந்த நாளை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு டவர்தான். ஆனால் எந்தக் கம்பெனி என்பதைக் கடைக்காரர் வாயால் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கம்பெனிகள் தங்கள் வலைத்தளத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெல்லாம் கிடைக்கும் என்று வரைபடம் போட்டிருக்கின்றன. அதில் முதலில் பாருங்கள். வரைபடம் பாதி உண்மை, மீதி உங்கள் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில்தான் தெரியும். இரண்டு மூன்று கம்பெனி சிம் உள்ள ஆட்களை ஒரு நாள் காப்பிக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் போனில் வேகத்தை வீட்டுக்குள்ளும் மாடியிலும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். காலை 6 மணிக்கு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை. காலையில் 60 காட்டி இரவில் 4 காட்டினால், அந்த டவரில் ஆள் நெரிசல் என்று அர்த்தம். காலையில் 25, இரவில் 18 என்றால் அதை எடுங்கள். நமக்கு வேண்டியது இரவு 9 மணி வேகம்.

மரம் ஒரு விஷயம். 5ஜி-யின் முக்கிய அலைவரிசை 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது வேகமானது, ஆனால் இலைக்கும் சுவருக்கும் சீக்கிரம் சோர்ந்துபோகும். மழையில் நனைந்த தோப்பு நடுவில் நின்றால் கேட்கவே வேண்டாம். 700, 850, 900 போன்ற கீழ் அலைவரிசைகள் மெதுவாகக் கொடுத்தாலும் தூரம் வரும், சுவருக்குள் நுழையும். உங்கள் இடத்தில் 5ஜி ஊசலாடினால், சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி, டவர் இருக்கும் திசை ஜன்னலில் வையுங்கள். வெளியில் ஆன்டெனா மாட்ட இடமுள்ள மாதிரியாகப் பாருங்கள். ஆன்டெனாவையோ பெட்டியையோ மாடியில் மாட்டினால் கிளாம்பு துருப்பிடிக்காததாக இருக்கட்டும். உவரிக் கடல் உங்களுக்கு எட்டிய தூரம், அந்த உப்புக் காற்று ஒரே வருடத்தில் சாதா இரும்பு நட்டைத் தின்றுவிடும். ஆடி முடிந்ததும் மாடி ஏறி, பெட்டி திரும்பியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். டவரை விட்டுத் திரும்பினால் வேகம் குறையும்.

நானும் என் மனைவியும் மட்டும். பிள்ளைகள் வெளிநாட்டில். ராத்திரி ஒரு மணி நேரம் வீடியோவில் பேத்தியைப் பார்ப்போம், அவ்வளவுதான். மகன் ஃபைபர் போடச் சொல்லி நெருக்குகிறான். வேண்டுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

சார், பேத்தியைப் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம். இப்போதிருக்கும் நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டமே தாராளம். வாட்ஸ்அப் வீடியோ ஒரு மணி நேரத்துக்குப் பெரும்பாலும் அரை ஜிபிக்குள் முடிந்துவிடும். படம் தடுமாறினால் போனை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பேசுங்கள்.

ஆனால் மகன் நெருக்குவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம், கேட்டுப்பாருங்கள். வயதான அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், வாசலிலும் பட்டாசலிலும் கேமரா வைத்து அங்கிருந்தே பார்க்கலாம் என்று நினைப்பார். அப்படியானால் கணக்கு மாறுகிறது. ஒரு கேமரா இரவும் பகலும் நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால், ஒரு நாளுக்கு 10 ஜிபிக்கு மேல் ஆகிவிடும். நாளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் எந்த போன் திட்டமும் இதைத் தாங்காது. கேமராவிலேயே மெமரி கார்டு போட்டு, மகன் திறந்து பார்க்கும்போது மட்டும் படம் போகிற மாதிரி வைத்தால் குறையும். இரண்டு கேமரா என்றால் ஃபைபரே போட்டுவிடுங்கள், மிகச் சின்னத் திட்டம் போதும். பிள்ளை நிம்மதியாகத் தூங்குவான்.

வீட்டில் ஃபைபர் போட்டு எட்டு மாதம். அடிக்கடி பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. வந்த பையன் ‘பவர் மைனஸ் 27 இருக்கு, வீக்’ என்கிறான். வயரைக் கொஞ்சம் அசைத்துவிட்டுப் போகிறான், இரண்டு நாள் கழித்து மறுபடியும் சிவப்பு. பவர் என்றால் கரண்டா? என்னதான் கோளாறு?
– ஒரு வாசகர், முக்கூடல்

தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத ஆசைப்பட்டேன்.

பவர் என்று அவன் சொல்வது கரண்ட் இல்லை, வெளிச்சம். உங்கள் வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை மொத்தமே 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் வெளிச்சம் ஓடும் நடு வழி 9 மைக்ரான்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கம்பெனி அறையிலிருந்து ஒரு வெளிச்சம் புறப்பட்டு, வழியில் ஸ்ப்ளிட்டரில் 32, 64 என்று பல வீட்டுக்குப் பங்காகப் பிரிந்து வருகிறது. மிஞ்சி வந்து சேர்வது எவ்வளவு என்பதைத்தான் டிபிஎம் என்று அளக்கிறார்கள். மைனஸ் 18, 20 என்றால் நல்ல வெளிச்சம். ஒவ்வொரு 3 குறையும்போதும் வெளிச்சம் பாதியாகும். 18-க்கும் 27-க்கும் நடுவே மூன்று பாதி, அதாவது எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. வழக்கமான பெட்டிகளுக்கு மைனஸ் 27 கடைசிப் படி. அதற்கு மேல் கொஞ்சம் சறுக்கினாலும் பெட்டிக்குக் கண் தெரியாது, சிவப்பாக மின்னும். எல்ஓஎஸ் என்று அந்த விளக்குக்குக் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள், வெளிச்சம் வரவில்லை என்று அது கத்துகிறது.

அசைத்தால் சரியாகிறது என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு உங்கள் வீட்டுப் பக்கத்தில்தான், முக்கால்வாசி உறுதி. மடிப்பு, அழுக்கு, மோசமான ஜாயின்ட், இந்த மூன்றில் ஒன்று.

மடிப்பை நீங்களே பார்க்கலாம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடம், கதவு இடுக்கு, பெட்டிக்குப் பின்னால் சுருட்டி வைத்த இடம். செம்புக் கம்பியை எப்படியும் மடிக்கலாம், கண்ணாடியில் வெளிச்சம் வளைவில் வெளியே கசிந்துவிடும். டீ கிளாஸ் வாயைவிடச் சின்ன வளையமாக எங்கேயும் இருக்கக்கூடாது. அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டில் இதே மாதிரி மூன்று வாரம் தீராத கோளாறு. நான் போய்ப் பார்த்தபோது பகலெல்லாம் நன்றாக இருந்தது. ராத்திரி வாசல் கதவைச் சாத்தியதும் சிவப்பு மின்னியது. கேபிளைக் கதவுக் கீலுக்குள் விட்டு ஆணி அடித்திருந்தார்கள். கதவு திறந்திருந்தால் நெட் உண்டு, சாத்தினால் இல்லை. நிலைக்கு மேலே ஒரு துளை போட்டுக் கேபிளை மாற்றியதும், மைனஸ் 26-இல் இருந்து மைனஸ் 19-க்கு வந்துவிட்டது.

அழுக்கும் ஜாயின்டும் அந்தப் பையன் பார்க்க வேண்டியவை. கனெக்டரைத் துடைக்காமல் கழற்றி மாட்டுவதே பாதி வீட்டில் வியாதி. உங்கள் விரல் ரேகை எண்ணெய் அந்த 9 மைக்ரான் வாசலை அடைக்கப் போதும். பச்சைக் கனெக்டர் பச்சையோடுதான் சேரவேண்டும், நீலத்தோடு மாட்டினால் முகம் பொருந்தாது, வெளிச்சம் வீணாகும். வீட்டு முனையில் கையால் அழுத்திப் போடும் கனெக்டர் இருந்தால், அதை வெட்டிவிட்டு மெஷின் வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

அந்த ஒட்டுவேலையை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். மேல்தோலை உரித்து, இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பார்கள். சுத்தமாக இருந்தால் துணி ‘கீச்’ என்று சத்தம் போடும். பிறகு வெட்டும் கருவியில் வைத்து ஒரே வெட்டு, முனை நேராக விழவேண்டும். இரண்டு முனையையும் மெஷினில் வைத்து மூடினால், சின்னத் திரையில் இரண்டு கரும்புத் துண்டு எதிரெதிரே நிற்பது போலத் தெரியும். மெஷின் தானாகவே அவற்றை நகர்த்தி நேர்படுத்தி, ஒரு நொடி நெருப்புப் பொறியில் உருக்கி ஒன்றாக்கிவிடும். நடுவில் கோடுகூடத் தெரியாது. அதன்மேல் ஒரு குழல் மாட்டிச் சூடாக்கினால் முடிந்தது. நல்ல ஒட்டில் 0.1 டெசிபல்கூடக் குறையாது. நான் எத்தனையோ ஆயிரம் செம்பு ஜோடி முறுக்கியவன். ஆனாலும் முதன்முதலாக அந்தத் திரையில் இரண்டு கண்ணாடி ஒன்றானதைப் பார்த்தபோது சோற்று நேரம் மறந்து நின்றேன்.

ஒன்று மட்டும். கழற்றிய கேபிள் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை, ‘ஒன்றும் வரவில்லையே’ என்று உற்றுப் பார்க்கத் தோன்றும்.

இனி அந்தப் பையன் வெறுமனே அசைத்துவிட்டுப் போனால் விடாதீர்கள். புகார் எண் வாங்கி எழுதி வையுங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி இருந்தே ஆகவேண்டும். புகாரைத் தீர்க்க வேண்டிய கெடு முடிந்த 30 நாளுக்குள் புகார் எண்ணோடு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

100 எம்பிபிஎஸ் திட்டம். போனில் பார்த்தால் 38 தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
– கல்லூரி மாணவி, வள்ளியூர்

அவசரப்படாதே அம்மா. லேப்டாப்பை லேன் வயரில் மாட்டி அளந்து பார். அதில் 95 வந்தால் கம்பெனி சரி, வைஃபைதான் குறை. உன் போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கும், பெயருக்குப் பின்னால் 5ஜி என்று வரும் இன்னொரு வைஃபைக்கு மாற்று. டவர் 5ஜி-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. அது ஒரே அறைக்குள் வேகம், சுவர் தாண்டினால் சோர்வு. அப்புறம், 100 மெகாபிட் என்றால் டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 12 எம்பி என்றுதான் காட்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இதைப் பார்த்தும் பலர் சண்டைக்குப் போகிறார்கள்.

2023 வெள்ளத்தில் எங்களுக்கு எல்லாமே போய்விட்டது. அடுத்த மழைக்கு எது நிற்கும், ஃபைபரா டவரா?
– ஒரு வாசகி, வண்ணார்பேட்டை

அம்மா, அந்த டிசம்பர் 17, 18 இரண்டு நாளையும் நானும் மறக்கமாட்டேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் ஏறியது. என் தங்கை வீடு சிந்துபூந்துறையில். மாடியில் இருந்தாள். கரண்ட் போய், பிறகு அவள் சிம்மும் செத்து, மூன்று நாள் குரல் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் வேறு கம்பெனி சிம் வைத்திருந்தான், அதில்தான் ‘அண்ணே, நல்லா இருக்கோம்’ என்று ஒரு வார்த்தை வந்தது.

ஆகவே நேராகச் சொல்கிறேன், அவ்வளவு பெரிய வெள்ளத்தில் இரண்டுமே நிற்காது. கண்ணாடி இழை தண்ணீரால் கெடுவதில்லை, மூடிய ஜாயின்ட் பெட்டி நீருக்குள் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் கம்பம் சாயும், வெளிச்சம் புறப்படும் அறையில் கரண்ட் போகும். டவருக்கு பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் உண்டு, ஆனால் சாலை முங்கினால் டீசல் எப்படிப் போகும்? இன்னொன்றும் உண்டு. காற்றில் வருவது என்று நாம் நினைக்கும் போன் சிக்னலும் பல இடத்தில் டவர் வரைக்கும் தரைக்குள் கண்ணாடி இழையில்தான் வருகிறது. அது அறுந்தால் டவர் நின்றாலும் பேச்சு இல்லை.

உங்களால் செய்ய முடிந்தது மூன்று. வீட்டில் இரண்டு போன் இருந்தால் இரண்டு வேறு கம்பெனி சிம். ஃபைபர் பெட்டிக்கு ஒரு மினி யுபிஎஸ். பெட்டி அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் 12 வோல்ட் வாங்குங்கள், பெட்டியும் ரவுட்டரும் மூன்று நான்கு மணி நேரம் ஓடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தும் நாளிலும் இது உதவும். அப்புறம் ஒரு பேட்டரி ரேடியோ. பெட்டியைத் தரையில் வைக்காமல் மாடிப்படிக்கு மேல் மட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

இடிக்கு ஃபைபர் நல்லது. செம்பு போன் காலத்தில் ஒவ்வொரு ஐப்பசியிலும் இடி கம்பி வழியே வந்து கருவியைக் கருக்கும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் தெருவிலிருந்து வரும் கேபிளில் பிடிமானத்துக்கு ஓர் இரும்புக் கம்பி சேர்ந்து வரும். அதை வீட்டு வாசலிலேயே வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே விடவேண்டும். உங்கள் வீட்டில் அப்படி வெட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இடி இடிக்கும்போது அடாப்டரையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

வாடகை வீடு, 11 மாத ஒப்பந்தம். மாற்றலாகி எப்போது போவேனோ தெரியாது. ஃபைபர் போடலாமா?
– செவிலியர், அம்பாசமுத்திரம்

வேண்டாம் தங்கச்சி. ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், நடுவில் போனால் அந்தப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். சிம் போடும் ரவுட்டரை வாங்கிக்கொள், போகும் ஊருக்கெல்லாம் பையில் வரும்.

நான் ஐடிஐ முடித்திருக்கிறேன். ஃபைபர் ஒட்டும் வேலை கற்றுக்கொள்ளலாமா ஐயா? ஊரோடு பிழைக்க முடியுமா?
– வயது 19, நாங்குநேரி

வா தம்பி, தாராளமாகக் கற்றுக்கொள். தெருத்தெருவாக இழை போகிறது, ஒட்டத் தெரிந்த கை குறைவு. அறுந்த அன்றைக்கே வந்து நிற்கும் ஆளை ஊர் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெஷின் விலை அதிகம், முதலில் வாங்காதே. கேபிள்காரர் யாரிடமாவது ஒரு வருடம் கூட நட. கம்பத்தில் ஏறுமுன் கரண்ட் வயர் எது, நம் வயர் எது என்று கீழே நின்றே பார்த்துக்கொள், இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஏறாதே. ஈரக் கம்பத்தில் யார் சொன்னாலும் ஏறாதே.

வெட்டும்போது நகக்கண் நீளத்துக்கு முடி போன்ற கண்ணாடித் துண்டு தெறிக்கும், சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. சின்ன மூடி டப்பா ஒன்றை எப்போதும் பையில் வைத்துக்கொள். துண்டை டேப்பில் ஒட்டி எடுத்து அதில் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தை டேப்பால் ஒற்றி எடுத்த பிறகே எழுந்திரு. நீ ஒட்டிவிட்டுப் போன பட்டாசல் தரையில்தான் அந்த வீட்டுக் குழந்தை தவழும்.